மலை வீட்டுத் தோட்டப் பாதை: வழுக்கி விழ வைக்கும் தவறுகள்

மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ கடையில் காய்ந்து கிடக்கும் கல்லைத் தடவிப் பார்த்து, "நல்லா சொரசொரப்பா இருக்கு" என்று வண்டியேற்றி வந்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பாதை நாள்கணக்கில் காயாது. கூடலூர், ஊட்டிப் பக்கம் ஆனி, ஆடியிலேயே அந்தக் கதை தொடங்கிவிடும். மழை விட்டாலும் மூடுபனி ஈரத்தைப் போகவிடாது.

வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்து நடப்பவருக்கான பாதை என்றால், கல்லை ஈரத்தில்தான் சோதிக்க வேண்டும். ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி, வாசலில் சாய்த்து வைத்து, செம்மண் கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். நடக்கப் போகிறவர் தினமும் போடும் செருப்பின் அடியையும் ஊன்றுகோலின் ரப்பர் முனையையும் அதன்மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பாலிஷ் போட்ட கிரானைட், வழவழப்பான கடப்பா, வீட்டுக்குள் பதித்து மிஞ்சிய விட்ரிஃபைடு டைல்ஸ் எல்லாம் இதிலேயே தோற்றுவிடும். (மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று தோட்டத்தில் பதிப்பவர்கள் இங்கே ஏராளம்.)

என்னைக் கேட்டால், சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டே மேல். அதையும் கடைசி அரைமணி நேரத்தில் கெடுத்துவிட முடியும். பூச்சு கண்ணாடி மாதிரி வரவேண்டும் என்பது கொத்தனார்களுக்குத் தொழில் கௌரவம். சிமெண்ட் பால் ஊற்றி, கரணையால் இழுத்து இழுத்து மழமழவென்று ஆக்கிவிடுவார்கள். "மேஸ்திரி, மரக்கட்டையால தேய்ச்சதோட நிறுத்திக்கோங்க, கரணை வேண்டாம்" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மேலே மினுங்கும் தண்ணீர் வற்றி, விரலால் அழுத்தினால் லேசாகத் தடம் பதியும் பதத்தில், தென்னந்துடைப்பத்தைப் பாதைக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நீளவாக்கில் இழுத்தால் கால் சறுக்கும் திசையிலேயே கோடுகளும் ஓடும், பிடிப்பு கிடைக்காது. மலைக்குளிரில் அந்தப் பதம் வர, கீழ்நாட்டைவிட நேரமாகும். பொழுது சாய்கிறதே என்று ஈரத்திலேயே இழுத்தால் மேல்பரப்பு பிய்ந்து, பிற்பாடு பொடிப்பொடியாக உதிரும். காலையிலேயே கான்கிரீட் போட்டுவிடுவது உத்தமம்.

பேவர் பிளாக்கில் பளபளப்பான வகை ஆகாது. இயந்திரத்தில் அழுத்தி எடுத்த சொரசொர வகை பரவாயில்லை. ஆனால் சரிவில் ஓரக்கல் கட்டாமல் பதித்தால், அடியில் பரப்பிய மணலை மழை அரித்துப் போய்விடும். ஒரு கல் அரை அங்குலம் இறங்கினாலே வாக்கர் தட்டும். கூழாங்கல்லும் ஜல்லியும் பார்க்க அழகு, சக்கர நாற்காலியின் முன்சக்கரம் புதைந்து நிற்கும். மரப்பலகை, உறைபனி விழும் ஊட்டியின் மார்கழிக் காலைகளில் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது சரிவு. மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் புழங்குவதற்கான மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டுதல்கள், சாய்தளத்துக்கு ஓரடி ஏற்றத்துக்குக் குறைந்தது பன்னிரண்டடி நீளம் கேட்கின்றன. மூன்றடி ஏற வேண்டுமென்றால் 36 அடியாவது வேண்டும், நடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு. ரோட்டுக்கு இருபதடி கீழே வீடு இருக்கும் நம் ஊரில் குறைந்தபட்சம் 240 அடிக்கு எங்கே போவது? இடமில்லை என்று செங்குத்தாக ஒரு சாய்தளம் போடுவது, படியைவிட ஆபத்து. ஊன்றுகோலோடு நடப்பவருக்கு ஆறு அங்குல உயரம், கால் வைக்க முன்பின்னாக ஓரடி என ஒரே சீரான படிகளும் இருபக்கமும் கைப்பிடியும் போதும். சக்கர நாற்காலி என்றால், வீட்டு மட்டத்திலேயே உள்ள தோட்டத் தட்டில் மட்டும் நான்கடி அகலத்தில் பாதை போட்டுக் கொடுங்கள். படி விளிம்பு தெரிய மஞ்சள் எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஈரத்தில் அதுவே வழுக்கும். காய்வதற்குள் மெல்லிய மணலைத் தூவிவிட வேண்டும்.

தண்ணீரை மறந்தால் எந்தக் கல்லும் வீண். மேட்டுப் பக்கம் சிறு வாய்க்கால் வெட்டி, மலைத்தண்ணீர் பாதைக்கு வருமுன்பே திருப்பிவிடுங்கள். பாதையின் பக்கவாட்டு வாட்டம் நான்கடிக்கு ஓர் அங்குலம் போதும். கூடினால் வாக்கர் ஒரு பக்கமாக இழுக்கும். வாய்க்கால்மூடிக் கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக, அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளியில்லாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊன்றுகோல் முனை உள்ளே இறங்கிவிடும்.

பாசிக்கு நிழலே தீனி. வெயிலை மறைக்கும் சைப்ரஸ் வேலியைக் கவாத்து செய்யுங்கள். சில்வர் ஓக் இலையை அன்றன்றே பெருக்குங்கள். மழைக்கு முன் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் கரைத்து, முரட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடலாம். கூடவே ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கழுவிய தண்ணீர் கேரட் பாத்திப் பக்கம் ஓடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.