புள்ளைய காணோம்னா முதல்ல தண்ணி இருக்கற எடத்த பாருங்க

வீட்ல ரெண்டு வயசு, மூணு வயசு குழந்தை இருக்குன்னா திடீர்னு ஒரு நிமிஷம் சத்தமே இல்லாம போகும் பாருங்க, அந்த நிமிஷம் வயித்த பெசையும். பெரும்பாலும் பீரோ பின்னாடி உக்காந்து பவுடர் டப்பாவ கொட்டிட்டு இருக்கும், ஒண்ணும் ஆகியிருக்காது. எப்பவாவது ஒரு நாள் அப்படி இல்லாம போகலாம், அந்த ஒரு நாளுக்காக எங்கெங்க தேடணும்ங்கற வரிசை மனசுல முன்னாடியே இருக்கணும், ஏன்னா பதட்டத்துல மூளை ஓடாது, பேர சொல்லி கத்திகிட்டே அதே ஹாலையும் அதே ரூமையும் திரும்பத் திரும்ப சுத்துவோம்.

முதல்ல தண்ணி. ரோட்டுக்கு போன குழந்தைய யாராச்சும் பாத்து தூக்க வாய்ப்பு இருக்கு, கட்டிலுக்கு அடியில தூங்கிப்போன குழந்தைய அரை மணி நேரம் கழிச்சு கண்டுபிடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணிக்குள்ள விழுந்த குழந்தைக்கு மட்டும்தான் நிமிஷ கணக்கு. மூச்சு நின்னு நாலஞ்சு நிமிஷத்துலயே மூளை பாதிக்க ஆரம்பிச்சிடும். அதனால வாசலுக்கு ஓடுறதுக்கு முன்னாடி பாத்ரூம் பக்கெட், அண்டா, பிளாஸ்டிக் டிரம், துணி ஊறவெச்ச டப்பு, சம்ப், மாட்டுக்கு வெச்ச கழனித்தொட்டி, பின்னாடி கிணறு இதெல்லாம் பாத்துடுங்க. பக்கத்துல வீடு கட்டுறாங்கன்னா பில்லருக்கு தோண்டின குழி, மழைக்காலம்னா காலி மனையில தேங்கி நிக்கிற தண்ணி, ஊர் பக்கம்னா வாய்க்கால், குட்டை. ஒருத்தர் மட்டும் இருந்தா நீங்களே இத முடிச்சிட்டுதான் வெளிய போகணும், ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் தண்ணிக்கு, ஒருத்தர் வாசலுக்கு.

அரை பக்கெட் தண்ணியில எப்படி முழுகும்னு நெறைய பேர் கேக்குறாங்க. சின்ன குழந்தைங்களுக்கு உடம்புக்கு தலைதான் கனம், எட்டி பாக்கும்போது தலைகீழா கவுந்துடுச்சுன்னா கைய ஊனி எந்திரிக்க பலம் இருக்காது, தண்ணி நெறஞ்ச பக்கெட்டும் சாயாது. சத்தமும் வராது. சினிமால காட்டுற மாதிரி கையக் கால அடிச்சு கத்தும்னு நெனச்சுட்டு "சத்தம் கேக்கலயே, அங்க இருக்காது"ன்னு விட்டுடாதீங்க, வாய் தண்ணிக்குள்ள இருக்கும்போது எப்படி கத்தும்.

தண்ணியிலேர்ந்து எடுத்தா காலப் புடிச்சு தலைகீழா சுத்துறது, வயித்த அமுக்கி தண்ணிய வெளிய எடுக்குறது, இது ரெண்டும் நம்ம ஊர்ல இன்னைக்கும் நடக்குது, ரெண்டுமே தப்பு. அதுல போற நேரம் திரும்ப வராது, வயித்துல இருக்குறது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகவும் வாய்ப்பு இருக்கு. குழந்தைய தரையில மல்லாக்க போடுங்க, மூச்சு விடுதான்னு நெஞ்ச பாருங்க, பத்து செகண்டுக்கு மேல பாக்க வேணாம். விடலைன்னா தாடைய லேசா தூக்கி மொதல்ல அஞ்சு தடவ மூச்சு ஊதுங்க. ஒரு வயசுக்குள்ள இருந்தா உங்க வாயால அதோட வாயையும் மூக்கையும் சேத்து மூடி ஊதணும், பெரிய குழந்தைன்னா மூக்க புடிச்சிட்டு வாயில ஊதணும், நெஞ்சு ஏறுற அளவுக்கு ஊதினா போதும், பலூன் ஊதுற மாதிரி வேணாம். அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, 2 மூச்சு, 30 அமுக்கு, 2 மூச்சுன்னு நிறுத்தாம. கைக்குழந்தைக்கு நெஞ்ச ரெண்டு கையாலயும் சுத்தி புடிச்சு ரெண்டு கட்டை விரல், கொஞ்சம் பெரிய குழந்தைக்கு ஒரு உள்ளங்கை, நெஞ்சோட ஆழத்துல மூணுல ஒரு பங்கு உள்ள போகணும், வேகம் நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120. ஒருத்தர இத பண்ணவிட்டு இன்னொருத்தர் 108க்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுடுங்க. குழந்தை முழிச்சு அழுதாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயே ஆகணும், நுரையீரலுக்குள்ள தண்ணி போயிருந்தா சில மணி நேரம் கழிச்சுகூட மூச்சு திணற ஆரம்பிக்கும்.

படிச்சா மட்டும் இது கைக்கு வராது. உங்க ஏரியால யாராவது முதலுதவி கிளாஸ் நடத்துனா ஒரு நாள் லீவு போட்டுட்டாவது போங்க, பொம்மை மேல ஒரு தடவ அமுக்கி பாத்தாதான் எவ்ளோ அழுத்தணும்னு தெரியும். வீட்ல பகல்ல குழந்தையோட இருக்குற பாட்டியையும் கூட்டிட்டு போங்க, அவங்களுக்குத்தான் முதல்ல தேவைப்படும்.

தண்ணி பாத்தாச்சு, இல்லைன்னா அடுத்தது கேட், ரோடு, மொட்டை மாடி, நிறுத்தியிருக்குற கார். கார் உள்ளயும் பாருங்க, அடியிலயும் பாருங்க, வெயில்ல பூட்டின கார் கொஞ்ச நேரத்துலயே அடுப்பாயிடும், குழந்தையால உள்ளேர்ந்து கதவ தெறக்க தெரியாது. அதுக்கப்புறம்தான் பீரோ, கட்டிலுக்கு அடி, கதவுக்கு பின்னாடி, வாஷிங் மெஷின், அடுக்கி வெச்ச மெத்தைக்கு நடுவுல. ஒளிஞ்சு வெளையாடுற குழந்தை கூப்ட்டா பதில் சொல்லாது, கோவமா கூப்ட்டா சுத்தமா சொல்லாது, அதனால குரல நம்பாம கண்ணால பாருங்க. ஆட்டிசம் இருக்குற குழந்தைங்க நெறைய பேருக்கு தண்ணி மேல ஒரு இழுப்பு இருக்கும், பேர் சொல்லி கூப்ட்டாலும் திரும்பாது, அந்த வீட்ல இருக்கறவங்க அக்கம்பக்கத்து கிணறு, குளம், நீச்சல்குளம் எல்லாம் எங்க இருக்குன்னு முன்னாடியே நடந்து பாத்து வெச்சுக்கங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லி வெச்சுடுங்க.

வீட்ட ஒரு சுத்து பாத்தும் கெடைக்கலைன்னா வெக்கப்படாம தெருவ கூப்டுங்க. "குழந்தைய பாத்துக்க தெரியலையா"ன்னு யாராவது சொல்லுவாங்களேன்னு தனியா தேடிட்டு இருக்குறதுல போற பத்து நிமிஷம்தான் ரொம்ப மோசமானது. தெருவோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொருத்தர நிக்க வைங்க, வீட்ல ஒருத்தர் இருக்கணும், குழந்தை தானா திரும்பி வந்து யாரும் இல்லைன்னு மறுபடி கெளம்பிட கூடாது.

கூட்டத்துல தொலைஞ்சா விஷயம் வேற. கல்யாண மண்டபம், தேர்த்திருவிழா, பொருட்காட்சி, பீச். பேர சொல்லி கத்துனா சுத்தி இருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது, "மஞ்ச சட்ட, நீல டவுசர், மூணு வயசு பையன், பாத்தீங்களா"ன்னு சத்தமா சொல்லிகிட்டே தேடுங்க, கேக்குறவங்க எல்லாம் அந்த மஞ்ச சட்டைய தேட ஆரம்பிச்சிடுவாங்க. குழந்தைய கடைசியா பாத்த எடத்துல ஒருத்தர் அசையாம நிக்கணும். மண்டபம்னா முதல் வேலையா ஒருத்தர் மெயின் வாசல்ல போய் நின்னுடணும், சமையல்கட்டு பக்கம் ஒரு பின் வாசல் இருக்கும், அங்கயும் ஒருத்தர், அப்புறம்தான் உள்ள தேடுறது. சமையல்கட்டுல கொதிக்கிற சாம்பார் அண்டா தரையிலயே இருக்கும், அத பாத்துடுங்க. மைக்ல சொல்லும்போது டிரஸ் கலர் சொல்லுங்க, குழந்தை பேர சொல்ல வேணாம்னு நான் நெனைக்கிறேன், பேர் தெரிஞ்ச யார் கூப்ட்டாலும் குழந்தை தெரிஞ்சவங்கன்னு நம்பி போயிடும். வீடியோ எடுக்குறவர்கிட்ட கேட்டா கடைசியா யார் கூட எந்த பக்கம் நின்னுச்சுன்னு கேமராலயே பாத்துடலாம்.

கெளம்புறதுக்கு முன்னாடி அன்னைக்கு போட்டிருக்குற டிரஸ்ஸோட, செருப்பும் தெரியுற மாதிரி முழுசா ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. என்ன கலர் சட்டைன்னு போலீஸ் கேட்டா பெத்த அம்மாவுக்கே ஞாபகம் வராது. முழங்கைக்கு உள்பக்கம் பால்பாயின்ட் பேனால போன் நம்பர் எழுதி விடுங்க. காணும் பொங்கல் அன்னைக்கு மெரினால போலீஸே குழந்தைங்க கையில போன் நம்பர் எழுதின பட்டை கட்டி விடுறாங்க, க்யூ இருந்தாலும் நின்னு கட்டிட்டு போங்க. தங்க செயின், வளையல் போட்டு கூட்டத்துக்கு கூட்டிட்டு போகவே போகாதீங்க, அதுவே ஆபத்த கூப்டுற மாதிரி.

குழந்தைக்கு சொல்லி குடுக்க வேண்டியது ரொம்ப இல்ல. அப்பா பேர் என்னன்னு கேட்டா "அப்பா"ன்னுதான் சொல்லும், அதனால உண்மையான பேரு, அம்மா பேரு, ஊர் பேரு, ஒரு போன் நம்பர பாட்டு மாதிரி. காணாம போயிட்டா நின்ன எடத்துலயே நில்லு, நான் தேடி வருவேன், யார் கூடவும் வண்டியில ஏறாத. யாராச்சும் வேணும்னா காக்கி சட்ட போட்ட போலீஸ், கடையில கல்லாப்பெட்டிகிட்ட உக்காந்திருக்கறவங்க, இல்ல குழந்தைய வெச்சிருக்குற ஒரு அம்மா. இத சொல்லி குடுத்துட்டு சாப்பாட்டுக்கு மட்டும் "சாப்பிடலைன்னா போலீஸ்ல புடிச்சு குடுத்துடுவேன்"னு மெரட்டாதீங்க. தயவு செஞ்சு இத வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க, மெரட்டி வளந்த குழந்தை உண்மையாவே தொலைஞ்ச அன்னைக்கு, காப்பாத்த வர்ற போலீஸ பாத்து ஓடி ஒளியும்.

போலீஸ்கிட்ட எப்ப போறது? 24 மணி நேரம் கழிச்சுதான் கம்ப்ளெயின்ட் எடுப்பாங்கன்னு ஒரு நெனப்பு இருக்கு, அப்படி ஒண்ணும் இல்ல. காணாம போன குழந்தை கேஸ்ல உடனே எஃப்ஐஆர் போடணும்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சுத்தி ஒரு தடவ தேடி கெடைக்கலைன்னா 112க்கு போடுங்க, குழந்தைகளுக்குன்னே 1098 இருக்கு, 24 மணி நேரமும் எடுப்பாங்க, ரயில்ல ஸ்டேஷன்லன்னா 139, பிளாட்பாரத்துல நிக்கிற ஆர்பிஎஃப்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க. எந்த ஸ்டேஷன் எல்லைன்னு யோசிக்காதீங்க, பக்கத்துல எது இருக்கோ அங்க போங்க, எந்த ஸ்டேஷன்லயும் எஃப்ஐஆர் போடலாம்.

வாட்ஸ்அப்ல போட்டோ போடுறது தப்பில்ல, ஆனா தேதி, நேரம், எடம் போடுங்க, கெடைச்ச உடனே "கெடைச்சாச்சு"ன்னு அதே குரூப்ல போட்டு பழச டெலிட் பண்ணுங்க. யார் மேலயும் சந்தேகத்த மட்டும் எழுதாதீங்க. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல போளூர் பக்கம், கோயிலுக்கு போற வழியில குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்த ஒரு வயசான அம்மாவ, புள்ள புடிக்கிற கும்பல்னு வாட்ஸ்அப்ல ஓடின வதந்திய நம்பி அடிச்சே கொன்னாங்க. அத மறக்கவே கூடாது. வேற யாரோட குழந்தையாவது அழுதுகிட்டு நிக்கிறத பாத்தா நீங்களும் அங்கயே கூட நில்லுங்க, 1098க்கு போடுங்க, தேடிட்டு வர்றேன்னு தூக்கிட்டு நடக்காதீங்க, அம்மா அந்த எடத்துக்குத்தான் திரும்பி வருவாங்க.

காணாம போறது மட்டும் இல்ல, கண்ணு முன்னாடி இருக்கும்போதே நடக்குறதும் இருக்கு. முதல்ல, தொண்டையில ஏதாவது மாட்டிக்கிட்டா. வேர்க்கடல, பொட்டுக்கடல, முழு திராட்சை, புளியங்கொட்ட, காசு, பலூன் துண்டு, இதெல்லாம்தான் வழக்கமா மாட்டும். இருமுது, அழுவுது, சத்தம் வருதுன்னா இரும விடுங்க, தட்டாதீங்க. சத்தமே வரல, உதடு நீலமாகுதுன்னா அப்பதான் நீங்க எறங்கணும். ஒரு வயசுக்குள்ள இருந்தா முன்கை மேல கவுத்து, தலை கீழ இருக்குற மாதிரி வெச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால அஞ்சு அடி, திருப்பி போட்டு நெஞ்சு நடுவுல ஒரு உள்ளங்கை அடிப்பாகத்தால அஞ்சு அமுக்கு, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. ஒரு வயசுக்கு மேலன்னா குனிய வெச்சு முதுகுல அஞ்சு, பின்னாடி முட்டி போட்டு தொப்புளுக்கு மேல கைய கோத்து உள்ள மேல இழுத்து அஞ்சு. மயங்கிட்டா மேல சொன்ன மாதிரி நெஞ்ச அமுக்கி மூச்சு ஊதுறதுதான். உச்சந்தலையில தட்டுறது, சோத்து உருண்டைய முழுங்க வைக்கிறது, வாழப்பழம் குடுக்குறது, கண்ணுக்கு தெரியாதத விரல விட்டு தோண்டுறது, எதுவும் வேணாம், இன்னும் உள்ள தள்ளும். கடல சாப்ட்டு பொரை ஏறி சரியாயிடுச்சு, ஆனா ரெண்டு நாளா இருமல் நிக்கல, ஒரு பக்கம் மூச்சுல விசில் சத்தம் வருதுன்னா சளின்னு விடாதீங்க, துண்டு மூச்சுக்குழாய்ல உக்காந்திருக்கலாம், டாக்டர்கிட்ட கடல சாப்ட்டத சொல்லுங்க.

பட்டன் பேட்டரி முழுங்கிட்டா வெளிய வந்துடும்னு காத்திருக்க கூடாது, உணவுக்குழாய்ல மாட்டினா ரெண்டு மணி நேரத்துலயே புண்ணாக்கிடும், நேரா பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. மண்ணெண்ணெய், பினாயில் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்பு தண்ணியும் குடுக்காதீங்க, பாட்டில கையோட எடுத்துட்டு போங்க. சுடுதண்ணி, காப்பி கொட்டிட்டா ஓடுற கொழாய் தண்ணியில 20 நிமிஷம், பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் தடவாம, வளையல், அரணாக்கயிறு வீங்கறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. தலையில அடிபட்டு திரும்ப திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காதுலயோ மூக்குலயோ தண்ணி மாதிரி வழியுது, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம கெளம்புங்க.

தண்ணி வராம விட்டுட்ட போர் குழி தோட்டத்துல இருந்தா இன்னைக்கே மூடுங்க. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசு குழந்தை விழுந்து நாலு நாள் தமிழ்நாடே தூங்காம இருந்துச்சு, காப்பாத்த முடியல. கைவிட்ட போர்கள மூடணும்னு 2010லயே சுப்ரீம் கோர்ட் விதி போட்டிருந்துச்சு. சாக்கையும் கல்லையும் வெச்சு மூடுறது மூடுறதே இல்ல, மழை பெஞ்சா எறங்கிடும், மண்ணும் கல்லும் போட்டு தரை மட்டம் வரைக்கும் நெரப்பணும். சம்ப் மூடியும் அதே மாதிரி, தண்ணி வர்ற நாள்ல தெறந்து எவ்ளோ நெறஞ்சிருக்குன்னு பாத்துட்டு அப்படியே மோட்டார் போட உள்ள போயிடுறோம், அந்த இடைவெளியிலதான் நடக்குது.

குழந்தை கெடைச்ச உடனே பயத்துல நமக்கு கை ஓங்கும், முதுகுல ஒண்ணு வெக்க தோணும். வெக்காதீங்க, அடி வாங்கின குழந்தை அடுத்த தடவ நீங்க தேடுற சத்தம் கேட்டா இன்னும் உள்ள போய் ஒளியும். தூக்கிக்கங்க, தண்ணி குடுங்க, தேடினவங்க எல்லாருக்கும் கெடைச்சிடுச்சுன்னு சொல்லுங்க, போலீஸுக்கு போன் போட்டிருந்தா அவங்களுக்கும். அடுத்த நாள் அமைதியா "நேத்து எப்படி போன, காட்டு"ன்னு கேட்டா அதுவே பெருமையா நடந்து காட்டும், எந்த ஸ்டூல போட்டு ஏறுச்சு, எந்த தாழ்ப்பாள தெறந்துச்சுன்னு தெரிஞ்சிடும், கார்பென்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே அதுக்கு எட்டாத உயரத்துல ஒரு கொண்டி வாங்கி நீங்களே அடிச்சிடுங்க.