நோட்டீஸ் கொடுக்கிற வேலையில் மேலே வருவது எப்படி: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

விதிமீறலைப் பிடிக்கிற அதிகாரி ஆகணும், அதிலேயே பெரிய பொறுப்புக்கு வரணும் என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, எந்த வாசல் வழியாக உள்ளே போகப்போகிறாய் என்றுதான். அமெரிக்கா மாதிரி நாடுகளில் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கும், ஒரே கூரைக்குக் கீழே கட்டடமும் குப்பையும் புதர் மண்டிய காலி மனையும் பார்த்துக்கொள்வார்கள். நம் ஊரில் அது நாலைந்து துண்டாகக் கிடக்கிறது. கட்டடம் என்றால் நகரமைப்புப் பிரிவு. குப்பை, கழிவுநீர், கொசு, பிளாஸ்டிக் என்றால் பொது சுகாதாரப் பிரிவு. வரியும் வாடகையும் வருவாய்ப் பிரிவு. ரோட்டைத் தோண்டினால் பொறியியல் பிரிவு. ஹோட்டலில் குருமா கெட்டுப்போயிருந்தால் அது உணவுப் பாதுகாப்புத் துறை, கண்மாய்க்குள் வீடு எழும்பினால் நீர்வளத்துறையும் தாசில்தாரும் உள்ளே வருவார்கள். நுழைந்த வாசல்தான் எதுவரை ஏறலாம் என்பதைத் தீர்மானிக்கும், இது உள்ளே போன பிறகுதான் பலருக்கு உறைக்கிறது.

உதாரணத்துக்கு, சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்தால் அடுத்து சுகாதார அலுவலர் வரை வரலாம், அதற்கு மேலே இருக்கிற நகர்நல அலுவலர் நாற்காலி டாக்டருக்கானது, நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எம்.பி.பி.எஸ். இல்லாமல் அங்கே உட்கார முடியாது. நகரமைப்புப் பக்கம் ஏணி கொஞ்சம் நீளம். நகரமைப்பு ஆய்வாளர், அப்புறம் உதவி நிலை, அப்புறம் மாநகராட்சியின் நகரமைப்பு அலுவலர் என்று போகும். இதையெல்லாம் தாண்டி மொத்த ஊரையும் நிர்வாகம் பண்ணுகிற ஆசை இருந்தால் அது ஆணையர் வழி. மதுரை மாதிரி மாநகராட்சிக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரிதான் ஆணையராக வருவார். ஆனால் நகராட்சிகளுக்கு, நம் மாவட்டத்தில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி மாதிரி ஊர்களுக்கு, நகராட்சி ஆணையர் என்ற பதவி இருக்கிறது. அதில் இரண்டாம் நிலை ஆணையர் பணியிடம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 அறிவிக்கைகளில் வந்திருக்கிறது, ஏதாவது ஒரு பட்டம் போதும். எந்தப் பிரிவு மேலும் பிரியம் இல்லை, நிர்வாகம்தான் வேண்டும் என்றால் நேராக அதற்குப் படியுங்கள், ஆய்வாளராகச் சேர்ந்து இருபது வருஷம் காத்திருக்க வேண்டாம்.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரமைப்புக்கு சிவில், ஆர்க்கிடெக்சர் அல்லது பிளானிங். திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது, டிப்ளமோ போதும் என்றால் தமிழ்நாடு பாலிடெக்னிக் இருக்கிறது. வசதியும் பொறுமையும் இருந்தால் நகரமைப்பில் முதுகலை முடித்துவிடுங்கள், நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் உதவி இயக்குநர் தேர்வுக்கு அது கை கொடுக்கும். அந்த அதிகாரிகள்தான் பெரிய திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கிற பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். சுகாதாரப் பக்கம் என்றால் சுகாதார ஆய்வாளர் பட்டயம் வேண்டும், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, திண்டுக்கல் போகிற வழியில் காந்திகிராமத்திலேயே படிக்கலாம். நகராட்சி நிர்வாகத் துறை 2024 பிப்ரவரியில் உதவிப் பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர் எல்லாவற்றையும் சேர்த்து 1,933 பணியிடங்களுக்கு அறிவிக்கை விட்டது, அண்ணா பல்கலைக்கழகம் தேர்வு நடத்தியது. இப்படி மொத்தமாக வருவது அபூர்வம், வரும்போது கையில் சான்றிதழ் தயாராக இருக்க வேண்டும். கல்வித்தகுதி அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறும் என்பதால் கோச்சிங் சென்டர் சொல்வதை நம்பாமல் அறிவிக்கையை வரி வரியாகப் படியுங்கள். "இத்தனை லட்சம் கொடு, போஸ்டிங் வாங்கித் தரேன்" என்று ஒரு அண்ணாச்சி கட்டாயம் வருவார். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான், அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள், இடத்தைக் காலி பண்ணிவிடுவார்.

சரி, உள்ளே வந்துவிட்டீர்கள். இங்கிருந்துதான் விஷயமே.

முதல் ஒரு வருஷத்துக்குள் மூன்று சட்டம் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஒன்று, 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம், குறிப்பாக 56, 57-ம் பிரிவுகள். அனுமதி இல்லாத கட்டடத்தை அகற்றச் சொல்வதும் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்வதும் அதில்தான் வருகிறது. அந்த நோட்டீஸை எதிர்த்துக் கட்டடக்காரர் அரசிடம் முறையிட 80-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதையும் படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவருடைய வக்கீல் கட்டாயம் படித்திருப்பார். இரண்டு, 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பக்கத்து மனைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், ரோட்டின் அகலத்துக்கு எவ்வளவு உயரம் போகலாம், பார்க்கிங் எத்தனை என்று எல்லாமே அதில் அட்டவணையாக இருக்கும், உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்கு எல்லை 18.30 மீட்டர், தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு. மூன்று, 1998-ன் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலில்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை மதுரைக்கென்று தனியாக 1971-ல் போட்ட மாநகராட்சிச் சட்டம் இருந்தது, பழைய பைல்களில் அந்தப் பிரிவு எண்கள்தான் இருக்கும், அதைப் பார்த்து அப்படியே காப்பி அடித்து நோட்டீஸ் அடிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். செத்துப்போன சட்டத்தின் பிரிவைப் போட்டு ஒரு நோட்டீஸ் போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு வாதமே தேவையில்லை.

மதுரைக்கே உரிய விதி ஒன்று இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, கோபுரத்தை மறைக்கக்கூடாது என்பதற்காக 1997-லேயே வந்த கட்டுப்பாடு. நான்கு மாசி வீதியிலும் வெளி வீதிகளிலும் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த விதி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் இந்த ஒரு கிலோமீட்டரைக் காலாலேயே சுற்றிவிட்டு வாருங்கள். எந்தக் கட்டடம் 1997-க்கு முந்தையது, எது பிந்தையது, எதற்குக் கோர்ட்டில் தடை இருக்கிறது என்று உங்களுக்கென்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டால், பிறகு ஆணையர் கூட்டத்தில் திடீரென்று கேட்கும்போது பைலைத் தேடி ஓட வேண்டியிருக்காது. மேலே வருகிறவர்களை மேலதிகாரி கவனிப்பது இப்படித்தான்.

இப்போது நோட்டீஸ். நாற்காலியில் ஏறுகிறவனையும் ஏறாதவனையும் பிரிப்பது இதுதான் என்பது என் கணிப்பு, ஆய்வுக்குப் போகிற வேகமோ, சீல் வைக்கிறபோது டிவியில் வருகிற முகமோ கிடையாது. கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளானில் தரைத்தளம், முதல் தளம், இரண்டும் வீடு. நேரில் போனால் கீழே மிளகாய் வற்றல் குடோன், மேலே தகரம் போட்டு இரண்டாம் தளம், முன்பக்கம் விட வேண்டிய இடத்தில் மாடிப்படி இறங்கி வந்து சாக்கடைச் சிலாப்பில் கால் வைக்கிறது. சோம்பேறி ஆய்வாளர் என்ன எழுதுவார்? "அனுமதிக்கு மாறாகக் கட்டப்பட்டுள்ளது, உடனே அகற்றவும்." இது நோட்டீஸே இல்லை. கதவு எண்ணோடு நகர அளவை வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) வேண்டும். அனுமதி எண்ணும் தேதியும் வேண்டும். பிளானில் முன்பக்கம் எத்தனை மீட்டர், நேரில் டேப் வைத்து அளந்ததில் எத்தனை மீட்டர், வித்தியாசம் எவ்வளவு, அது எந்த விதியை மீறுகிறது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். குடோனாக மாறியது பயன்பாட்டு மாற்றம், அதைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். வீட்டுக்காரர் பெயர் பட்டாவில் ஒன்று, வரிப் புத்தகத்தில் ஒன்று, மின் இணைப்பில் ஒன்று என்று இருக்கும், மூன்று பேருக்குமே அனுப்புங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை போடாதீர்கள். பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் ஒன்று அனுப்பிவிட்டு, சுவரில் ஒன்றை ஒட்டி, ஒட்டியதைக் கதவு எண் தெரிகிற மாதிரி தேதியோடு போட்டோ எடுத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடிப்பு விஷயத்தில் கொடுத்த தீர்ப்பு இந்த வேலையையே கொஞ்சம் மாற்றிவிட்டது. 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நேரில் பேச வாய்ப்புத் தர வேண்டும், காரணம் சொல்லி இறுதி உத்தரவு போட வேண்டும், அதற்குப் பிறகும் அவரே அகற்றிக்கொள்ளவோ மேல்முறையீடு போகவோ 15 நாள் விட வேண்டும், இடித்தால் வீடியோ எடுக்க வேண்டும். மீறினால் அதிகாரி தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடு கட்ட வேண்டி வரலாம். ரோடு, நடைபாதை, ஆறு, நீர்நிலை மாதிரி பொது இடத்தில் இருக்கிற ஆக்கிரமிப்புக்கும், கோர்ட்டே இடிக்கச் சொன்ன கட்டடத்துக்கும் இது பொருந்தாது. எது எந்தப் பக்கம் வரும் என்று பிரித்துப் பார்க்காமல் ஜேசிபியை வரச்சொல்கிற அதிகாரிகள்தான் ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளையின் வராந்தாவில் பைலோடு நிற்கிறார்கள். மதுரையில் வேலை பார்ப்பதில் இது ஒரு தனிச் சங்கதி, கோர்ட்டு பக்கத்திலேயே இருப்பதால் ரிட் மனு மறுநாளே விழும். அந்த மனுவுக்கு நாம் கொடுக்கிற பதிலான எதிர்வாக்குமூலத்தை வக்கீல் எழுதிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள், தேதிவாரியாக நடந்ததை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், நாலு வழக்கில் உங்கள் குறிப்பு கோர்ட்டில் எடுபட்டுவிட்டால் அடுத்த வழக்குக்கு ஆணையரே உங்களைக் கூப்பிட ஆரம்பிப்பார்.

தெருக்கடை வேறு கதை. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி தெரு வியாபாரி ஆக்கிரமிப்பாளர் இல்லை, அவரை எழுப்ப வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ் வேண்டும், நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் பத்தில் நாலு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். சித்திரைத் திருவிழா நெருங்கும்போது மேலிருந்து "நாளைக்குள் எல்லாம் காலியாகணும்" என்று போன் வரும். அந்த நேரத்தில் பூக்கார அம்மாவின் கூடையைத் தூக்கி லாரியில் போடுவது சுலபம், ஆனால் அவர் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் அதே இடத்தில்தான் இருப்பார், உங்களைத்தான் ஊரே பேசும். மாதத்துக்கு முன்பே போய், "அக்கா, தேர் வர்ற அன்னைக்கு மட்டும் இந்தப் பக்கம் வேண்டாம், அந்த மூலையில உட்காருங்க" என்று இடத்தைக் காட்டிவிட்டு வந்தால் முக்கால்வாசி பேர் தானாக நகர்ந்துவிடுவார்கள். புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாற்று இடத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் மூட்டை கட்டமாட்டார்கள்.

நிர்வாகப் பொறுப்புக்கு வந்த பிறகு வேலை மனிதர்களோடுதான். மதுரையில் 100 வார்டு, 5 மண்டலம், எந்தப் பிரிவை எடுத்தாலும் ஆள் பற்றாக்குறை. வருகிற புகாரெல்லாம் நியாயமானவை கிடையாது, பாதி பங்காளிச் சண்டை. அண்ணன் மாடி கட்டினால் தம்பி புகார் போடுவார், சொத்து பிரித்ததும் வாபஸ் வாங்குவார். அதனால் உயிருக்கு ஆபத்தானது, பொது வழியை மறிப்பது, நீர்நிலையில் இருப்பது, இந்த மூன்றையும் முன்னால் வைத்து, கொடியில் துணி காயப்போடுகிற புகாரைப் பின்னால் தள்ள ஒரு முறை வகுத்து, அதை எழுத்தில் ஆணையரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அப்புறம் கவுன்சிலர் போன் போட்டு "அதை ஏன் எடுக்கல, இதை ஏன் எடுத்தீங்க" என்றால் காட்ட ஒரு காகிதம் இருக்கும். கவுன்சிலரை விரோதி ஆக்கிக்கொள்ளவும் வேண்டாம், வார்டில் எந்தச் சந்தில் ராத்திரி கான்கிரீட் போடுகிறார்கள் என்று உங்கள் ஆய்வாளரைவிட அவருக்கு முன்னாலேயே தெரியும். வாய்மொழியாக "அதை விட்டுருங்க" என்று யார் சொன்னாலும், எந்தப் பதவியில் இருப்பவர் சொன்னாலும், "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பைலில் "இன்னார் தொலைபேசியில் தெரிவித்தபடி" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தால் போன் வருவது தானாக நின்றுவிடும்.

பதவி உயர்வுக்கான சில்லறை வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். துறைத் தேர்வுகளைத் தகுதிகாண் பருவத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது, ஒரு பேப்பர் பாக்கி என்பதாலேயே பட்டியலில் பின்னால் போனவர்கள் எத்தனையோ பேர். குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ) வந்தால் உடனே பதில் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள், நிலுவையில் கிடந்தால் உயர்வு தள்ளிப்போகும். ஆன்லைனில் வருவதையும் கற்றுக்கொள்ளுங்கள். 2024-லிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீடுகளுக்கு சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி வந்துவிட்டது, இனி ஆய்வாளரின் வேலை பிளானைப் பார்ப்பதைவிடக் கட்டியதைப் போய்ப் பார்ப்பதுதான்.

தேர்வு கிடைக்கவில்லை, வயசும் ஓடுகிறது என்றால் உள்ளாட்சியில் பதிவுபெற்ற பொறியாளராகப் பதிந்துகொண்டு பிளான் போடுங்கள். எந்தச் சந்தில் யார் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் முழுசாகத் தெரியும். அடுத்த அறிவிக்கை வரும்வரை சம்பாத்தியத்துக்கும் குறைவிருக்காது.