மொட்டை மாடில பட்டன் ரோஸ்: செடி வாங்கின உடனே வேரைப் பாருங்க

பட்டன் ரோஸ், அதாவது குட்டி குட்டியா பூக்கற மினியேச்சர் ரோஜா, வாங்கிட்டு வந்தா ரெண்டு மாசம் கூட தாங்க மாட்டேங்குதுன்னு சொல்றவங்க நிறைய பேரை பாத்திருக்கேன். நர்சரில இருக்கும்போது கொத்து கொத்தா பூ, வீட்டுக்கு வந்த பத்து நாள்ல இலை பழுத்து கொட்ட ஆரம்பிக்கும், அடுத்த மாசம் வெறும் குச்சி. எல்லாரும் சென்னை வெயில் மேல பழிய போட்டுட்டு விட்டுடறாங்க. எனக்கும் முதல் மூணு செடி அப்படித்தான் போச்சு. மூணாவத தூக்கி போடறதுக்கு முன்னாடி தொட்டிய கவுத்து பாத்தேன், கவரோட வந்த செம்மண் உருண்டை அப்படியே செங்கல் மாதிரி இருந்துச்சு, கத்திய வெச்சு உடைச்சா உள்ள பொடி பொடியா காஞ்சு கிடக்கு. ரெண்டு மாசமா தினமும் நான் ஊத்தின தண்ணி அந்த உருண்டைய சுத்தி வழிஞ்சு கீழ ஓட்டை வழியா போயிருக்கு, வேர் ஒண்ணு கூட அந்த உருண்டைய விட்டு வெளிய வரவே இல்ல.

ஓசூர், பெங்களூர் பக்கத்துல இருந்தும் ஆந்திரால கடியம் பக்கத்துல இருந்தும் நம்ம ஊர் நர்சரிக்கு செடி வருது. லாரில குலுங்கி வரும்போது மண் உதிரக்கூடாதுன்னு களி கலந்த இறுக்கமான மண்ல வெச்சு கவர் போட்டு அனுப்பறாங்க, பிரயாணத்துக்கு அது நல்லதுதான், ஆனா வளர்றதுக்கு ஆகாது. அதனால செடி வாங்கினா முதல்ல செய்ய வேண்டியது இது: வந்த உடனே மாத்தாதீங்க, நாலஞ்சு நாள் வெளிச்சமான நிழல்ல கவரோடயே இருக்கட்டும். அப்புறம் ஒரு சாயங்காலம் கவர கிழிச்சுட்டு உருண்டைய ஒரு பக்கெட் தண்ணில அரை மணி நேரம் ஊற வெச்சு, கைய உள்ள விட்டு மெதுவா ஓரத்து களிய கரைச்சு விடுங்க. முழுசா கழுவ வேண்டாம், வெளிப்பக்கம் பாதி கரைஞ்சு வேர் நுனி கண்ணுக்கு தெரிஞ்சா போதும். வேரை தொடவே கூடாதுன்னு சொல்லுவாங்க, மத்த செடிக்கு சரி, இந்த களிமண் உருண்டைக்கு நான் ஒத்துக்க மாட்டேன். நட்ட அன்னைக்கே பூ, மொட்டு எல்லாத்தையும் கிள்ளிடணும். மனசு வராதுதான், ஆனா செடிக்கு அப்போ வேர் விடற வேலைதான் முக்கியம்.

தொட்டி 8 இன்ச்ல இருந்து 10 இன்ச் வரைக்கும் போதும், ஒரு செடிக்கு ஒரு தொட்டி. செடி ஒரு அடி, ஒண்ணரை அடிதான் வளரும்ங்கறதால ரொம்ப பெரிய தொட்டில வெச்சா மண் காயாம ஈரமாவே நின்னு வேர் அழுகிடும். மண் தொட்டி கிடைச்சா அதுதான் என் முதல் சாய்ஸ், வெயில்ல அவ்ளோவா சூடேறாது. பிளாஸ்டிக்னா கருப்பு வேண்டாம், வெள்ளையோ வெளிர் கலரோ பாருங்க. அடில ஓட்டை அடையாம ஒரு ஓட்டாஞ்சில்ல கவுத்து வெச்சு மேல கலவைய போடணும். கலவை ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம், தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்ட ஊற வெச்சு ரெண்டு மூணு தடவை அலசி பிழிஞ்சு போடுங்க, அதுல உப்பு இருக்கும். கலந்த மண்ண கைல அமுக்கி பிடிச்சு விட்டா உருண்டை நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், அப்படி இருந்தா சரி.

ஒரு விஷயம் இங்க சொல்லணும். இந்த குட்டி ரோஜாவோட வம்சமே தொட்டில வளர்ந்ததுதான். சீன ரோஜாவோட குள்ள வகை ஐரோப்பாவுக்கு போய் அப்புறம் காணாமலே போயிடுச்சுன்னு நினைச்சிருந்தாங்க, சுமார் நூறு வருஷம் முன்னாடி சுவிட்சர்லாந்துல ஒரு கிராமத்துல ஜன்னல் ஓரத் தொட்டில அது பூத்துட்டு இருந்தத ரோலேன்னு ஒரு ராணுவ அதிகாரி பாத்து சொல்ல, அவர் பேரால ரோலட்டின்னே அந்த ரோஜாவுக்கு பேர் வந்துச்சு. இன்னைக்கு இருக்கற மினியேச்சர் ரகங்கள்ல நிறைய அதுல இருந்து வந்ததுதான். அதனால தொட்டி சின்னதா இருக்கேன்னு கவலையே படாதீங்க.

வெயில் அஞ்சாறு மணி நேரம் வேணும், அதுவும் காலை வெயில். கிழக்கு பாத்த பால்கனி இருந்தா அதிர்ஷ்டம். மொட்டை மாடின்னா பிரச்சன மேல இருக்கற வெயில விட கீழ இருக்கற தரைதான். மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடில வெறுங்கால வெச்சு பாருங்க, அந்த சூட்டுலதான் தொட்டி நாள் முழுக்க உக்காந்திருக்கு, உள்ள வேர் வெந்து போகும். ஒவ்வொரு தொட்டிக்கும் மூணு செங்கல் அடுக்கி மேல வெச்சா அடில காத்து போகும், அவ்ளோதான் செலவு. கத்திரி முடியற வரைக்கும் 50 சதவீத நிழல் வலை கட்டுங்க, தொட்டிங்கள ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வெச்சா ஒண்ணோட நிழல் இன்னொண்ணுக்கு விழும்.

தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கேக்காதீங்க, ஆள்காட்டி விரல ஒரு இன்ச் மண்ணுக்குள்ள விடுங்க, ஈரம் ஒட்டினா விட்டுடுங்க, ஒட்டலன்னா அடி ஓட்டை வழியா வர்ற வரைக்கும் ஊத்துங்க. கோடைல காலை சாயங்காலம் ரெண்டு வேளையும் கேக்கும், ஐப்பசி கார்த்திகைல நாலு நாளைக்கு கூட கேக்காது. போர் தண்ணி மட்டும் ஊத்தறவங்க தொட்டி விளிம்ப பாருங்க, வெள்ளையா உப்பு பூத்திருந்தா புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கற மாதிரி ஆகலாம். அத பாத்துட்டு இன்னும் இன்னும் உரம் போடறது தப்பு. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ரெண்டு மூணு தடவை நல்லா கொட்டி உப்ப கழுவி விட்டாலே புதுசா வர்ற இலை பச்சையா வரும்.

உரம் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி மண்புழு உரம், நடுவுல ஒரு தடவை பஞ்சகவ்யா ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி. டீத்தூள் போடறவங்க பாலும் சக்கரையும் போக அலசி காய வெச்சு போடணும், இல்லன்னா எறும்புதான் வரும்.

பூ வாடினதும் காம்ப மட்டும் கிள்ளி விட்டுட்டு போயிடாதீங்க. பூவுல இருந்து கீழ இறங்கி வாங்க, முதல்ல மூணு சிற்றிலை இருக்கற இலை வரும், அதுக்கு கீழ அஞ்சு சிற்றிலை இருக்கற இலை வரும், அந்த அஞ்சிலையோட கக்கத்துல ஒரு சின்ன சிவப்பு மொக்கு இருக்கும், அதுக்கு கால் இன்ச் மேல சாய்வா வெட்டணும். அந்த மொக்கு தொட்டிக்கு வெளிப்பக்கம் பாத்திருந்தா இன்னும் நல்லது, செடி நடுவுல அடையாம விரிஞ்சு வரும். பெரிய கவாத்து, அதாவது செடி முழுக்க கிளைய வெட்டி விடறது, நான் மார்கழிலதான் பண்ணுவேன், அடை மழைல வெட்டினா வெட்டுவாய் நனைஞ்சு நுனில இருந்து கருகிட்டே இறங்கும். அப்படி கருக ஆரம்பிச்சா கருப்பு போய் உள்ள தண்டு வெளுப்பா பச்சையா தெரியற இடம் வரைக்கும் வெட்டிட்டு மஞ்சள் குழைச்சு தடவி விடறேன்.

பூச்சில இந்த செடிக்கு பெரிய எமன் செம்பேன்தான். கோடைல இலை மேல் பக்கம் ஊசியால குத்தின மாதிரி வெளுத்த புள்ளி வந்தா இலைக்கு கீழ ஒரு வெள்ளை பேப்பர பிடிச்சு தட்டுங்க, விழுந்த தூசில நகர்ற புள்ளி இருந்தா அதேதான். மூணு நாள் தொடர்ந்து காலைல இலையோட அடிப்பக்கம் வேகமா தண்ணி பீச்சுங்க, நாலாவது நாள் சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு கலந்து அடிங்க, வெயில்ல அடிச்சா இலை கருகிடும். மொட்டு விரியாம ஓரம் பழுப்பானா அது இலைப்பேன், அந்த மொட்ட கிள்ளி கவர்ல கட்டி குப்பைல போடுங்க, தொட்டிலயே போடாதீங்க. மழைக்காலத்துல இலைல வர்ற கரும்புள்ளி நோய்க்கும் அதே மாதிரி உதிர்ந்த இலைய பொறுக்கி எடுக்கறதுதான் பாதி மருந்து.

கவாத்துல வெட்டின குச்சிய வீணாக்காதீங்க. பெரிய ரோஜா மாதிரி இதுக்கு ஒட்டு கட்ட வேண்டியதில்ல, சொந்த வேர்லயே நல்லா வளரும். நாலு இன்ச் குச்சி, ஒரு கணுவுக்கு கீழ வெட்டினது, மேல ரெண்டு இலைய விட்டுட்டு மீதிய எடுத்துட்டு ஈரமான கோகோபீட்டும் மணலும் கலந்து ட்ரான்ஸ்பரன்ட் ஜூஸ் கப்ல நடுங்க, கப்புக்கு அடில ஓட்டை போட்டு, வெளிச்சம் வேர் மேல படாம இருக்க அத இன்னொரு கலர் டம்ளருக்குள்ள இறக்கி, மேல பாதி வெட்டின வாட்டர் பாட்டில கவுத்து நிழல்ல வைங்க. வேர் விட்டுச்சான்னு குச்சிய இழுத்து பாக்கக்கூடாது. மூணு நாலு வாரம் கழிச்சு கப்ப மட்டும் தூக்கி பாருங்க, சுவர் ஓரமா வெள்ளை நூல் மாதிரி வேர் ஓடியிருந்தா தொட்டிக்கு மாத்தலாம், தெரியலன்னா திரும்ப இறக்கி வெச்சுட்டு இன்னொரு வாரம் விடுங்க.