கரண்ட் வச்சும் கட்டி சுருங்கலையா? டாக்டரைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி இதெல்லாம் செக் பண்ணுங்க

மலக்குடல் கேன்சருக்கு கரண்ட் (அதாவது கதிர்வீச்சு சிகிச்சை) வச்சு முடிச்சாச்சு, ஸ்கேன்ல கட்டி அப்படியே இருக்குன்னு சொன்னதும் மெஷின் சரியில்ல, ஆஸ்பத்திரி சரியில்லன்னு வீட்ல ஆரம்பிச்சிடுவாங்க. பெரும்பாலும் காரணம் கட்டிக்குள்ளயே இருக்கும். (பெருங்குடல்ல மேல இருக்கற கட்டிக்கு பொதுவா கரண்ட் வைக்கறதில்ல, அதனால இது மலக்குடல்காரங்களுக்குத்தான்.)

முதல்ல தேதியப் பாருங்க. கடைசியா கரண்ட் வச்சு எத்தனை வாரம் ஆச்சு? கதிர் பட்ட உடனே செல் செத்துடாது, டிஎன்ஏ உடைஞ்ச செல் அடுத்து ரெண்டா பிரியப் போகும்போதுதான் பெரும்பாலும் சாகும், அதனால எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகும் கட்டி சுருங்கிட்டே இருக்கும். நீண்ட கோர்ஸ்னா (அஞ்சு வாரத்துக்கு மேல தினமும் கொஞ்சம் கொஞ்சமா வைக்கறது) சாதாரணமா 8லிருந்து 12 வாரம் விட்டுத்தான் எம்ஆர்ஐ எடுப்பாங்க. மூணாவது வாரமே அவசரப்பட்டு ஒரு சிடி எடுத்துட்டு அழறதுல அர்த்தமில்ல, அதுல வீக்கம் எது தழும்பு எது கட்டி எதுன்னு பிரிச்சுச் சொல்றதே கஷ்டம்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல டிஆர்ஜின்னு (கட்டி எவ்வளவு சுருங்கியிருக்குன்னு சொல்ற கிரேடு) ஒரு நம்பர் இருக்கான்னு தேடுங்க. 1னா வெறும் தழும்புதான் மிச்சம், 5னா கிட்டத்தட்ட மாற்றமே இல்ல. 4, 5 வந்தாத்தான் சரியா கேக்கலன்னு சொல்லலாம். கரண்டும் கீமோ மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தாலே நூத்துக்கு 15, 20 பேருக்குத்தான் கட்டி சுத்தமா மறையுது, அதனால முழுசா போகலங்கறது தோல்வி இல்ல.

சரி, ஏன் கேக்கல? பெரிய வில்லன் ஆக்சிஜன் பத்தாக்குறை. கதிர் உண்டாக்கற உடைப்ப சரிபண்ண முடியாம நிரந்தரமாக்கறதே ஆக்சிஜன்தான், ஆனா பெரிய கட்டியோட நடுப்பகுதிக்கு ரத்தம் சரியா போகாது, அங்க இருக்கற செல்லக் கொல்ல ரெண்டரைலிருந்து மூணு மடங்கு வரைக்கும் டோஸ் வேணும். மலத்துல ரத்தம் போய் போய் ஹீமோகுளோபின் வேற இறங்கியிருக்கும், அத ஆரம்பத்துலயே கேட்டு சரிபண்ணிக்கணும். பீடி சிகரெட்ட அன்னைக்கே விடணும், அந்தப் புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல உக்காந்துக்கும்.

அடுத்தது நடுவுல லீவு போடறது. நீண்ட கோர்ஸ்னா 25லிருந்து 28 சிட்டிங், திங்கள்லிருந்து வெள்ளி வரைக்கும். நடுவுல கல்யாணம், திருவிழான்னு ஒரு வாரம் விட்டா மிச்சமிருக்கற செல் வேகமா பெருகிடும். டாக்டர்கிட்ட சொல்லாம ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை, பவுடர் எதுவும் வேண்டாம், கதிரோட வேலையவே அது கெடுக்கலாம்.

பயாப்ஸி ரிப்போர்ட்ல மியூசினஸ், சிக்னெட் ரிங்னு இருந்தா அந்த வகை பொதுவா குறைவாத்தான் சுருங்கும். கேராஸ், பி53ங்கற ஜீன்கள்ல வர்ற மாற்றங்களுக்கும் பங்கு இருக்குன்னு ஆராய்ச்சில சொல்றாங்க, ஆனா அத மட்டும் வச்சு கரண்ட் கேக்குமா கேக்காதான்னு முன்கூட்டியே முடிவு பண்றதில்ல.

நிஜமா சிகிச்சை வழிய மாத்தக்கூடிய டெஸ்ட் எம்எம்ஆர், அதாவது டிஎன்ஏல வர்ற தப்ப சரிபண்ற புரதங்கள் கட்டில இருக்கான்னு பாக்கறது. எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2ன்னு நாலு புரதத்தோட பேர எழுதி ஏதாவது ஒண்ணுல 'லாஸ்'னு (அந்தப் புரதம் இல்லன்னு அர்த்தம்) போட்டிருந்தா உடனே இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியயே கேன்சர் மேல ஏவற மருந்து) பத்திக் கேளுங்க. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல 2022ல வெளியிட்ட ஆய்வுல இந்த வகைக்காரங்க முதல் 12 பேருக்கும் டோஸ்டார்லிமாப் ஊசிலயே கட்டி மறைஞ்சுச்சு, கரண்டும் வைக்கல, ஆபரேஷனும் பண்ணல. மலக்குடல் கேன்சர்ல கொஞ்சம் பேர்தான் இந்த வகை, மருந்தும் பயங்கர விலை, ஆனாலும் டெஸ்ட் பண்ணாம விட்டுடாதீங்க. டெஸ்ட்டே பண்ணலன்னா பழைய பயாப்ஸி பிளாக்க (மெழுகுல பதிச்சு வச்சிருக்கற சதைய) லேப்ல வாங்கி அதுலயே பண்ணலாம், திரும்ப சதை எடுக்கணும்னு பெரும்பாலும் அவசியமில்ல.

இன்னும் நாலு கரண்ட் சேர்த்து வைக்கலாமேன்னு எல்லாரும் கேப்பாங்க. சிறுகுடலும் மூத்திரப்பையும் ஒட்டியே இருக்கு, அதுங்க தாங்கற அளவுக்கு மேல சும்மா ஏத்த முடியாது. அதுக்குப் பதிலா கட்டிக்கும் ஆபரேஷன்ல வெட்டற ஓரத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கு, ஆபரேஷன் எப்போ, மலம் போக வயித்துல வைக்கற பை தற்காலிகமா நிரந்தரமான்னு சர்ஜன்கிட்ட கேளுங்க. கட்டி கேக்கலன்னு உறுதியானா ஆபரேஷன சும்மா தள்ளிப்போடாதீங்க.