செடித் தொட்டிக்கு சிஓ2 வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் தொட்டியில் செடி வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்ததும் கேட்பது, எத்தனை கிலோ சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் வாங்கலாம் என்றுதான். அதற்கு முன் விளக்கையும் செடியையும் பாருங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ், இலங்கை ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் வென்ட்டி, இவை மட்டும் இருக்கும் தொட்டிக்கு சிஓ2 தேவையே இல்லை. மிதமான விளக்கு போதும். மெதுவாக, ஆனால் நன்றாக வளரும். தரை முழுக்க ‘கியூபா’ என்ற குட்டி இலைச் செடி படர வேண்டும், நம் தென்னிந்தியச் செடியான ரோட்டாலா மேக்ரான்ட்ரா நல்ல சிவப்பாக நிற்க வேண்டும் என்றால்தான் கதை மாறுகிறது. அவற்றுக்கு விளக்கு பலமாக வேண்டும். விளக்கு பலமானால் கார்பனும் அதற்கு ஈடாக வேண்டும். காற்றை மட்டும் நம்பியிருக்கும் தொட்டியில் லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் சிஓ2 கரைந்திருந்தாலே அதிகம். நமக்கு வேண்டியது 30 மில்லிகிராம் அளவில். சிஓ2 இல்லாமல் விளக்கை மட்டும் கூட்டினால் செடிக்கு முன் பாசிதான் தழைக்கும்.

பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வைப்பது மலிவு என்பதற்காகப் பெரிய தொட்டிக்கு அதை நம்புவது அடுத்த தவறு. இரவில் அதை நிறுத்த வழியில்லை. நம் ஊர் வெயிலுக்கு முதல் சில நாள் பொங்கும், பிறகு அடங்கிவிடும். சிட்ரிக் ஆசிட், ஆப்பச்சோடா முறை இதைவிட மேல், வால்வும் வைக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 200 கிராம் ஆப்பச்சோடா முழுதாக வினைபுரிந்தாலும் கிடைப்பது சுமார் 105 கிராம் வாயு. 2 கிலோ சிலிண்டர் அதைப் போல 19 மடங்கு. சின்னத் தொட்டிக்குச் சரி, 3 அடித் தொட்டிக்குக் கட்டுப்படியாகாது. ‘லிக்விட் கார்பன்’ என்று விற்பதில் பெரும்பாலானவை குளூட்டரால்டிஹைடு கலந்தவை, அதாவது கிருமிநாசினி. பாசியைக் கொஞ்சம் அடக்கும், வாலிஸ்னேரியாவைக் கருக்கும். சிஓ2-க்கு அது மாற்றாகாது.

சிலிண்டர் முறைதான் என்று முடிவானால், பணத்தில் பெரும்பங்கை, வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து வெளியே விடும் ரெகுலேட்டருக்கு ஒதுக்குங்கள். வாயுவை நுண்குமிழிகளாக்கும் அழகான கண்ணாடி டிஃப்யூசரையும் பெரிய சிலிண்டரையும் வாங்கிவிட்டு ரெகுலேட்டரில் சிக்கனம் பிடிப்பதால்தான் மீன்கள் சாகின்றன. சிலிண்டருக்குள் சிஓ2 திரவமாக இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் 900 பி.எஸ்.ஐ.-க்கு மேல். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை மீட்டர் முள் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அதனால் முள்ளைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். திரவம் தீர்ந்ததும் உள் அழுத்தம் மளமளவென்று இறங்கும். அப்போது ஒற்றை நிலை ரெகுலேட்டரில் வெளியே வரும் அழுத்தம் ஏறும். நொடிக்கு இரண்டு குமிழி வந்த இடத்தில் சரம் சரமாகக் கொட்டும். இரட்டை நிலை ரெகுலேட்டர் இதை இரண்டு கட்டமாக அடக்குவதால் வெளி அழுத்தம் ஏறக்குறைய ஒரே சீராக நிற்கும். ஒற்றை நிலைதான் கட்டுப்படியாகும் என்றால் வாங்குங்கள். முள் தன் வழக்கமான இடத்தைவிட்டு இறங்கத் தொடங்கிய அன்றே சிலிண்டரை மூடி ரீஃபில்லுக்கு அனுப்பிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) நாம் வைத்த எண்ணுக்கு இறங்கும்வரை வாயுவை விடும் பிஎச் கன்ட்ரோலரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. எங்கோ படித்த 6.5 என்ற எண்ணை அதில் வைத்துவிடுகிறார்கள். சிஓ2 அளவு பிஎச்சை மட்டும் பொறுத்ததல்ல, தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையையும், அதாவது கேஎச்சையும், பொறுத்தது. கேஎச் 4 உள்ள தண்ணீரில் பிஎச் 6.6-க்கு வந்தால் சிஓ2 லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். சென்னைப் பக்கத்துப் போர் தண்ணீரில் கேஎச் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிஎச் 7.1-ஐ ஒட்டி வரும்போதே 30 ஆகிவிடும். கன்ட்ரோலர் அங்கே நிற்காது, 6.5-ஐத் தேடி வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அளவை எட்டும்போது சிஓ2 110-ஐத் தாண்டியிருக்கும், மீன்கள் பிழைக்காது. நாட்டு வாதாம் இலையோ மரக்கட்டையோ போட்ட தொட்டியில் அவற்றின் அமிலமும் பிஎச்சை இறக்குவதால் இந்தக் கணக்கே பொய்க்கும். கேஎச் டெஸ்ட் கிட் வாங்காமல் கன்ட்ரோலர் வாங்காதீர்கள்.

சிஓ2 அளவை நிறத்தால் காட்டும், தொட்டிக்குள் மாட்டும் கண்ணாடிக் குமிழான டிராப் செக்கரிலும் இதே சிக்கல்தான். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றக் கூடாது. கேஎச் 4 என்று தயாரித்த கரைசலை ஊற்றினால்தான் பச்சை நிறத்துக்கு 30 என்ற பொருள் வரும். நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால் வால்வைத் திருகியதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இன்னொருவர் தொட்டியின் குமிழிக் கணக்கையும் கடன் வாங்காதீர்கள், குமிழி எண்ண உதவும் கவுண்டருக்குக் கவுண்டர் குமிழியின் அளவே வேறு.

பழைய தீயணைப்பு சிலிண்டர் மலிவாகக் கிடைக்கும். கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குமா என்ற சோதனை) தேதியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். 5 ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். வெளிநாட்டு ரெகுலேட்டரின் மரையும் நம் சிலிண்டர் வால்வின் மரையும் பல சமயம் பொருந்தாது. வாங்கும் முன்பே கேளுங்கள், பொருந்தாத மரையை டெஃப்லான் டேப் சுற்றி இறுக்க வேண்டாம். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும்.

சிலிக்கான் ட்யூப் வழியாக சிஓ2 கசியும், பாலியூரித்தேன் ட்யூப் வாங்குங்கள். தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியே திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு கட்டாயம். வாயுவைத் திறந்து மூடும் மின் வால்வான சோலனாய்டு, கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். விளக்கு எரிய ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வாயு தொடங்கி, அணைய ஒரு மணி நேரம் முன்பு நிற்கும்படி டைமரை வையுங்கள்.

கோடையில் நிதானம் இன்னும் தேவை. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்குகிறது. மீனுக்கோ வெப்பம் ஏற ஏறத் தேவை கூடும். புது செட்டை நாள் முழுக்க வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் தொடங்குங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்தி, ஏர் பம்பை ஓடவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.