சுருண்ட இலைக்குத் தண்ணீர் மருந்தல்ல: மிளகாயில் நாம் செய்யும் தவறுகள்

மாடியில் மிளகாய் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "இலையெல்லாம் சுருண்டு போச்சு, என்ன செய்யறது?" போய்ப் பார்த்தால் தொட்டி மண் சொதசொதவென்று இருக்கும். செடி வாடுகிறது என்று நினைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். சுருள்வது வேறு, வாடுவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஊற்றும் தண்ணீர் வேரை அழுகவைத்து, நோயோடு நிற்கும் செடியை முழுவதுமாகக் கொன்றுவிடும்.

இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி இலை படகுபோல் ஆகியிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால், நூல் துண்டு மாதிரி பொடிப் பூச்சிகள் விழுந்து ஓடும். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, கொழுந்து தடித்துப்போனால் அது சிலந்திப்பூச்சி; வலை பின்னும் சிலந்தி இல்லை, பொடிப்பொடியான வேறு பூச்சி. கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலைகள் சிறுத்துக் கொத்தாக நின்று, செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய்.

மூன்றுக்கும் வேப்பெண்ணெய் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் ஆரம்பத்திலேயே அடித்தால் அது நன்றாகக் கேட்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், அது கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால நேரம். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், அதுதான் முக்கியம். மேலே மட்டும் தெளித்துவிட்டு "கேட்கவில்லை" என்பதே இதில் நடக்கும் பெரிய தவறு. சிலந்திப்பூச்சிக்கு, தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தூள் நல்லது. ஆனால் எண்ணெய் தெளித்த சில நாளிலேயே கந்தகம் அடித்தால் இலை கருகிவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். கொளுத்தும் வெயில் நாளிலும் கந்தகம் வேண்டாம். வைரஸ் வந்த செடிக்கு மருந்தே இல்லை. மனசு வராது, தெரியும். ஆனாலும் அதைப் பிடுங்கி அப்புறப்படுத்தினால்தான் பக்கத்துத் தொட்டிகள் பிழைக்கும்.

பூ உதிர்வதற்கு வருவோம். சித்திரை, வைகாசியில் மாடித் தளம் கொதிக்கும்போது பூ கொட்டத்தான் செய்யும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. அந்த நேரத்தில் உரம் போதவில்லை என்று நினைத்து யூரியாவையோ சாணத்தையோ அள்ளிப் போடுகிறார்கள். தழைச்சத்து கூடினால் செடி கருகருவென்று இலை விட்டு, பூவை இன்னும் உதிர்க்கும். பசும் இலைக்கு இலைப்பேனும் கூடுதலாக வரும். நிழல்வலை கட்டி, மேல்மண் காய்ந்த பிறகு ஒரே சீராகத் தண்ணீர் விட்டுப் பொறுத்திருந்தால் வெயில் தணிந்ததும் தானாகவே காய் பிடிக்கும். ஒரு செடிக்கு 12 அங்குலத் தொட்டியாவது வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பறிக்கும்போது காயை இழுக்காதீர்கள், கிளை பட்டென்று முறியும், காம்போடு கத்தரியுங்கள்.

அடுக்களையில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. மிளகாய் என்றாலே காரம், அவ்வளவுதான் என்ற நினைப்பிலிருந்துதான் அவை தொடங்குகின்றன. போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து இது இங்கே வந்தபோது, மிளகுபோல் காரமான காய் என்று நம் ஆட்கள் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே காரம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் நிறம், மணம், காரம் மூன்றும் தனித்தனி. கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் செக்கச்செவேலென்று இருக்கும், காரம் குறைவு. நம் ஊசி மிளகாய் விரல்நுனி அளவுதான், ஒன்று போதும். ராமநாதபுரத்து முண்டு மிளகாய் தடித்த தோலோடு உருண்டையாக இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. எனக்குத் தாளிப்பென்றால் அதுதான். சிவப்பாக இருக்கிறதே என்று பயந்து பொடியைக் குறைப்பதும், வெளுப்பாக இருக்கிறதே என்று அள்ளிப் போடுவதும் இரண்டுமே குழம்பைக் கெடுக்கும். நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று கலந்து அரைத்துப் பாருங்கள்.

காரம் விதையில் இருக்கிறது என்பதும் தவறுதான். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டுப் பகுதியில்தான் காரப்பொருள் உருவாகிறது. விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டியது. குழந்தைகளுக்குச் சமைக்கும்போது விதையைத் தட்டிவிட்டு வெள்ளையை விட்டுவைத்தால் பயனில்லை, அதைச் சுரண்டி எடுங்கள். அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். அதனால் நாக்கு எரியும்போது செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பது வீண். பாலோ தயிரோ நல்லது. நிறைய நறுக்குவதற்கு முன் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மீறி எரிந்தால் மறுபடி எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தாளிக்கும்போது கடுகு வெடிப்பதற்கு முன்பே வரமிளகாயைப் போட்டால் அது கருகி, கசப்பு முழுப் பாத்திரத்திலும் இறங்கும். கடுகு, உளுத்தம்பருப்பு, பிறகு மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. மிளகாய் உப்பி நிறம் மாறும் அந்த இரண்டு நொடிதான் கணக்கு.

மில்லில் அரைத்து வாங்கிய பொடியைச் சூட்டோடு டப்பாவில் அடைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். மூடிக்குள் ஆவி வேர்த்து, பொடி கட்டிபிடித்து, சீக்கிரம் கெட்டுவிடும். தாளில் பரப்பி முழுக்க ஆறவிட்டு எடுத்துவையுங்கள். அரைக்கக் கொடுக்கும் மிளகாயும் கையில் ஒடித்தால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை "வறுத்தால் சரியாகிவிடும்" என்று சேர்க்கவே கூடாது. சில பூஞ்சைகள் விடும் நஞ்சு அடுப்புச் சூட்டில் போகாது. மோர் மிளகாய்க்கும் இதே கதைதான். பகலில் வெயில், இரவில் மோர் என்று மாற்றி மாற்றிப் போட்டு, மோர் முழுவதும் ஏறிய பிறகும் நிறுத்தாமல் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைக்க வேண்டும்.

கடைசியாக விதை. குடைமிளகாய்ச் செடியைப் பச்சைமிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். இந்த வருடக் காய்க்கு ஒன்றும் ஆகாது. அதன் விதையிலிருந்து வரும் அடுத்த செடியில்தான் கலப்பு தெரியும். ஆகவே விதைக்கென்று வளர்க்கும் செடியை மற்ற மிளகாய்களிலிருந்து தள்ளித் தனியாக வையுங்கள். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் தாய்போல் வராது; நாட்டு ரகத்தில் எடுங்கள். சுருட்டை வராத நல்ல செடியில் இரண்டு பழத்தைப் பறிக்காமல் விட்டு, நன்றாகச் சிவந்ததும் கீறி, விதையை நிழலில் உலர்த்தி, காகித உறையில் ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி வைத்தால் ஆடிப்பட்டத்துக்கு விதை தயார்.