பழைய சாமான் வாங்கி விற்கிறீர்களா? பஃப் பட்டறைப் பக்கம் போகாதீர்கள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இப்போது புதுமுகங்கள் அதிகம். முதுகில் பெரிய பை, கையில் போன், போனில் யாரோ எங்கேயோ விற்ற பித்தளைக் கூஜாவின் படமும் விலையும். பழைய வீட்டுச் சாமானை அடிமாட்டு விலைக்கு வாங்கி ஆன்லைனில் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று வருகிறார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை, நானும் அதே பிழைப்புதான். ஆனால் ஆரம்பத்தில் நான் பண்ணிய சொதப்பல்களையே இவர்களும் வரிசை தப்பாமல் பண்ணுவதைப் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

விடியற்காலையில் போங்கள், பேரம் பேசுங்கள், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இரண்டு தடவை ஏமாந்தால் தானாகவே வந்துவிடும். கையைச் சுடுகிற தவறுகள் வேறு.

பஃப் போடுவது

பழைய உலோகச் சாமானை மெஷினில் கொடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைத்தான் பஃப் என்கிறோம். இதைப் பற்றித்தான் நிறையப் பேசப்போகிறேன். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இது.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது ஒரு தம்பிக்குத் திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜா கிடைத்தது. ரயில் பயணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வகை. தோள்பட்டையில் அந்தக் குடும்பத்தின் விலாசம், அதாவது பெயரின் முதலெழுத்துகள், உளியால் வெட்டப்பட்டிருந்தது. செட்டிநாட்டுப் பாத்திரங்களில் இந்த முதலெழுத்துகளைப் பார்க்கலாம், கல்யாணச் சீரில் வந்த சாமான் யார் வீட்டுடையது என்று அடையாளம் தெரிவதற்காக. தம்பி படம் அனுப்பி, “அண்ணா, என்ன போகும்?” என்றான். எடை விலையைப் போல மூன்று மடங்குக்குக் குறையாது என்றேன். காரைக்குடியில் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடமும் சொல்லி வைத்தேன்.

அவன் என்ன செய்தான்? வருகிற வழியில் ஒரு பட்டறையில் கொடுத்து மெஷினில் பஃப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். “பளபளன்னு இருந்தா இன்னும் ஏத்தலாம்ல அண்ணா!” கூஜா நேற்றுத்தான் கடையில் வாங்கியது மாதிரி மின்னியது. விலாசம் இருந்த இடத்தில் மங்கலாகச் சில கீறல்கள். அந்த அம்மா கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “இது புதுசாச்சே தம்பி” என்று கீழே வைத்துவிட்டார். அப்புறம் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் எடைக்குத்தான் கேட்டார்கள். எடைக்கே போனது, பஃப் கூலி போக.

பஃப் மெஷின் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. உலோகத்தின் மேல்தோலையே சீவுகிறது. வெட்டிய எழுத்தின் விளிம்பு மழுங்கும், ஆழம் குறையும். இரண்டு முறை போட்டால் எழுத்தே இருக்காது. பழைய பித்தளைக்கு எடைக்கு மேல் கொடுக்கிறவர் எதற்குக் கொடுக்கிறார்? அந்த எழுத்துக்கு. அடிப்பாகம் கல்தரையில் உரசி உரசி விழுந்த கோடுகளுக்கு. கைபிடி படுகிற இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருப்பதற்கு. பல காலம் காற்றும் கையும் பட்டு ஏறிய கரும்பழுப்பு நிறத்துக்கு. மொராதாபாத்திலிருந்து ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று புதுச் சாமான்கள் லாரி லாரியாக வருகிற காலம் இது. அவற்றில் கறுப்பு எல்லாப் பள்ளத்திலும் ஒரே அளவாக நிற்கும், கை படுகிற இடமும் படாத இடமும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் பொருள் அப்படிப்பட்டதில்லை என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சியை நீங்களே கூலி கொடுத்து அழிக்கிறீர்கள்.

எழுத்தைப் பற்றி இன்னும் ஒன்று. கையால் வெட்டிய பெயரில் சின்னச் சின்ன உளித்தடங்கள் அடுத்தடுத்து தெரியும். இப்போது கரன்ட் பேனாவில் எழுதுகிற பெயர் நடுங்கிய கோடாக இருக்கும். ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகள் மேலே தும்பிக்கை சுழித்த பழைய வடிவத்தில் இருந்தால் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். கை பழகிய ஆசாரிகள் அதற்குப் பிறகும் பழையபடியே வெட்டியிருப்பார்கள் என்பதால் இதை வைத்து மட்டும் வயதைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வாங்குகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். அந்த இடத்தைப் போய் மழித்தால்!

மெஷினுக்குக் கொடுக்க மாட்டேன், வீட்டிலேயே புளி போட்டுத் தேய்க்கிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அன்றாடம் புழங்குகிற குத்துவிளக்குக்குப் புளி சரி. விற்கப்போகிற பழைய பொருளில் புளியையோ எலுமிச்சையையோ அப்பி ஊறவிட்டால் பித்தளையில் இருக்கிற துத்தநாகம் மேற்பரப்பிலிருந்து கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். அங்கங்கே இளஞ்சிவப்பாகத் திட்டு விழும். அதை மறைக்க மறுபடியும் தேய்ப்பீர்கள், கடைசியில் பஃப் பட்டறைக்கே போவீர்கள். ஆசிட் ஊற்றுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

தஞ்சாவூர்த் தட்டு கிடைத்தால் இன்னும் ஜாக்கிரதை. பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியிலும் செம்பிலும் மெல்லிய தகடாக உருவங்களைப் புடைத்துப் பதித்திருப்பார்கள். மெஷின் பட்டால் மேடான மூக்கும் முழங்கையும்தான் முதலில் போகும். பாலிஷ் மங்காமல் இருக்கட்டும் என்று மேலே லேக்கர் (வார்னிஷ் மாதிரியான பூச்சு) அடிப்பது அடுத்த கொடுமை. ஈரம் புகுந்த இடத்தில் அது திட்டுத் திட்டாக உரியும், உரித்து எடுக்கவும் படாதபாடு படவேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய டூத் பிரஷ். எண்ணெய்ப் பிசுக்கும் அடுப்புக்கரியும் போகிற வரைக்கும் பொறுமையாகத் தேயுங்கள், அதோடு கையை எடுத்துவிடுங்கள். பச்சையாகப் பொடி உதிர்கிற களிம்பை மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும், அது உலோகத்தை அரிக்கும். கெட்டியான பழுப்பைத் தொடாதீர்கள். நன்றாகத் துடைத்து வெயிலில் காயவைத்தால் வேலை முடிந்தது. பளபளப்பு வேண்டும் என்று வாங்குகிறவர் நினைத்தால் வாங்கிப் போய் அவரே போட்டுக்கொள்வார். போட்ட பஃப்பை யாராலும் எடுக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் இதே சட்டமில்லை. மெல்லிய தகட்டில் மெஷினில் அழுத்தியெடுத்த, பெயரோ அடையாளமோ இல்லாத குடம் என்றால் தாராளமாக பஃப் போடுங்கள். அதில் இழக்க ஒன்றுமில்லை.

மாறு ஜோடி

குத்துவிளக்கு பல துண்டுகளைத் திருகிச் சேர்த்தது. அடித்தட்டு ஒரு விளக்குடையது, தண்டு இன்னொன்றுடையது, உச்சியில் அன்னம் மூன்றாவது ஒன்றுடையது என்று சேர்த்துச் சந்தையில் நிறுத்தியிருப்பார்கள். நின்றபடியே பார்த்துவிட்டு வாங்காதீர்கள், எல்லாவற்றையும் கழற்றுங்கள். மரை மூன்று சுற்றாவது சிக்காமல் ஏற வேண்டும். மரைக்குள் இருக்கிற நிறம் எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நூலோ துணியோ சுற்றித் திருகியிருந்தால் விலையைப் பாதியாக்கிக் கேளுங்கள். அப்படியே விற்கிறதாக இருந்தால் மாறு ஜோடி என்று சொல்லி விற்றுவிடுங்கள். ஜோடி விளக்கு வாங்குகிறவர் வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். டிபன் கேரியர் அடுக்கும் அப்படித்தான்.

ஈயச்சொம்பு

ரசத்துக்கு ஈயச்சொம்பு தேடுகிறவர்கள் மறுபடியும் பெருகிவிட்டார்கள். நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. காரீயம் கலந்ததில் சமைத்தால் அது விஷம். கனம் பார்த்தும் தாளில் உரசிப் பார்த்தும் கண்டுபிடித்துவிடலாம் என்று சந்தையில் சொல்வார்கள். காரீயம் கனமானதுதான், தாளில் சாம்பல் கோடும் போடும். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்த இரண்டு சோதனையிலும் மாட்டாது. பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்காத பழைய சொம்பை அலமாரியில் வைக்க என்று சொல்லி மட்டும்தான் நான் விற்கிறேன். அடுப்பில் வெறுமனே வைத்துச் சோதிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். கண் முன்னாலேயே குழைந்து உட்கார்ந்துவிடும்.

“200 வருஷப் பழமை” என்று எழுதுவது

ஏறக்குறைய எல்லா விளம்பரத்திலும் இந்த வரி இருக்கிறது. 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி 100 வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளும் வரலாற்று மதிப்புள்ள பொருளும் தொல்பொருள் கணக்கில் வரும். சுவடிகளுக்கு 75 வருடமே போதும். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆக 200 வருடம் என்று எழுதினால் இரண்டில் ஒன்று: பொய் சொல்கிறீர்கள், அல்லது உரிமம் இல்லாமல் விற்கிறேன் என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள். நாம் விற்கிற கூஜாவும் கேரியரும் பெரும்பாலும் நம் தாத்தா பாட்டி காலத்துச் சாமான்கள். அப்படியே எழுதினாலும் விற்கிறது.

சாமி சிலை

விலைகூடக் கேட்காதீர்கள்.

தந்தம்

அதே பதில்தான். பழைய பெட்டியில் இழைத்திருந்தாலும் சரி.

ரவிவர்மா படம்

ரவிவர்மா 1894இல் பம்பாயில் ஆரம்பித்த அச்சகத்தின் படம் என்று சொல்லி வருவதில் பெரும்பாலானவை, பழைய தேக்குச் சட்டத்துக்குள் புதுப் பிரின்ட். சட்டம் பழசாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்து லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். புள்ளிகள் சீராக வரிசை கட்டி நின்றால் பிற்கால அச்சு. அந்த அச்சகம் போட்டது கல்லில் வரைந்து அச்சிட்ட கல்லச்சுப் படம், அதில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் பொரிப்பொரியாகத் தெரியும். கண்ணாடிக்கு மேல் வைத்துச் சரியாகத் தெரியவில்லை என்றால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

வால்வு ரேடியோவைப் பிளக்கில் செருகிப் பார்ப்பது

பல வருடம் தூங்கிய செட்டின் கன்டென்சர்கள் காய்ந்து கெட்டுப்போயிருக்கும். நேராகக் கரன்ட் கொடுத்தால் பாட்டு வராது, புகை வரும். சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும், அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. சீரீஸ் பல்பு (கரன்ட் ஒரேயடியாகப் பாயாமல் தடுக்க இடையில் இணைக்கிற பல்பு) போட்டுப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். இல்லையென்றால் ஓடுமா என்று தெரியாது என்று எழுதி விற்றுவிடுங்கள், ஓடாத செட்டுக்கும் ஆள் இருக்கிறது.

கேட்காமல் தூக்கிக்கொண்டு வருவது

வீட்டைக் காலி செய்கிறவர்களிடம் வாங்கும்போது நம் ஆட்கள் தராசையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் வயதானவர் யாராவது ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். இது யார் கல்யாணத்துச் சீர், எந்த வருஷம், எந்த ஊர்க் கடை, ரங்கூனிலிருந்து வந்ததா? கேட்டால் சொல்வதற்குக் காத்திருப்பார்கள். சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். குடும்பத்தின் பெயரை வெளியில் சொல்லலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாள் இருந்த சாமானுக்கு என்னிடம் யாரும் எடைக் கணக்கு கேட்டதில்லை. மருமகளோ மகனோ “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க” என்று அவசரப்படுத்துவார்கள், ஆனாலும் டப்பா, பெட்டி, அஞ்சறைப்பெட்டி எல்லாவற்றையும் அவர்கள் முன்னாலேயே திறந்து காட்டிவிட்டு எடுங்கள். அப்புறமாகப் போன் வராது.

ஊறுகாய் ஜாடி

வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மேல்பூச்சு எங்கோ விட்டிருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் திரும்பப் பூக்கும். குடை வைக்க, பூ வைக்க என்று சொல்லி விற்கலாம், ஊறுகாய் போட என்று விற்கக்கூடாது. பஸ்ஸில் கொண்டுவரும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.